பெயரிலேயே 'மேஜர்': வட அமெரிக்காவில் கால்பந்துக்கு எந்த வரிசையில் இடம்?

கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பட்டங்களை அடுக்கிக்கொள்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஊரறிந்த டாக்டருக்கு அது தேவைப்படுவதில்லை. நேற்றுப் படித்து முடித்தவருக்குத்தான் தேவைப்படுகிறது. வட அமெரிக்க விளையாட்டு லீகுகளின் பெயர்களைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பத்திரிகைகள்தான் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல், கூடைப்பந்தின் என்பிஏ, பனி ஹாக்கியின் என்எச்எல் ஆகிய மூன்றும் 'நேஷனல்' என்பதோடு நிறுத்திக்கொண்டன. பேஸ்பால் மட்டும் தன்னை 'மேஜர் லீக்' என்று அழைத்துக்கொள்கிறது. அந்தச் சொல்வழக்கு அங்கிருந்துதான் பிறந்தது என்பதால் அதற்கு உரிமை உண்டு.

பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதைக் கடன் வாங்கியவர்கள். மேஜர் லீக் லக்ராஸ் 2001இல் தொடங்கி, 2020இல் வேறொரு லீகோடு கலந்து மறைந்தது. 2018இல் மேஜர் லீக் ரக்பி வந்தது. 2023இல் மேஜர் லீக் கிரிக்கெட் வந்தது; அதில் டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் என்ற பெயரில் நம் சென்னை அணியின் மஞ்சள் சட்டையும் ஓடுகிறது. இந்தக் கடன்காரர்களில் மூத்தது 1996இல் ஆடத் தொடங்கிய மேஜர் லீக் சாக்கர், சுருக்கமாக எம்எல்எஸ். நம் கால்பந்துக்கு அங்கே சாக்கர் என்று பெயர். அன்றிலிருந்து அதைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: 'பெரிய நான்கு' என்று சொல்லப்படும் பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, பனி ஹாக்கி ஆகியவற்றோடு கால்பந்தையும் சேர்த்து 'பெரிய ஐந்து' என்று சொல்லலாமா?

ஆம் என்பவர்களிடமும் இல்லை என்பவர்களிடமும் கைநிறைய எண்கள் இருக்கின்றன. இரண்டு தரப்பும் வெவ்வேறு பொருளைத் தராசில் வைத்துவிட்டு எடையைப் பற்றிச் சண்டை போடுகின்றன என்பதே என் எண்ணம். அதற்கு வருவதற்கு முன்னால், 'பெரிய' என்ற முத்திரையைக் குத்துவது யார் என்று பார்த்துவிடலாம்.

பேஸ்பாலில் இந்த முத்திரை ஒரு கமிட்டி குத்தியது. 1969இல் சாதனைப் பதிவுகளை ஒழுங்குபடுத்த அமைக்கப்பட்ட குழு, வரலாற்றில் எந்தெந்த லீகுகள் 'மேஜர்' என்று தீர்மானித்தது. ஆறு லீகுகளுக்கு அந்தத் தகுதி கிடைத்தது. 1914, 1915 என இரண்டே பருவங்கள் ஆடிய ஃபெடரல் லீக்கூட அந்த ஆறில் ஒன்று. நிறவெறியால் ஒதுக்கப்பட்ட கறுப்பின ஆட்டக்காரர்கள் பல பத்தாண்டுகள் ஆடிய நீக்ரோ லீகுகள் அந்தப் பட்டியலில் இல்லை. 2020 டிசம்பரில்தான், 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீகுகளை மேஜர் என்று பேஸ்பால் நிர்வாகம் ஏற்றது. 2024இல் அவற்றின் கணக்குகள் அதிகாரபூர்வப் பதிவில் சேர்க்கப்பட்டபோது, ஜாஷ் கிப்சன் வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப்பை முந்தி முதலிடத்துக்கு வந்தார். கிப்சன் 1947இலேயே இறந்துவிட்டார். அவர் ஆட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்தான் மாறியிருந்தார்கள்.

மற்ற மூன்றுக்கும் அப்படிக் கமிட்டி எதுவும் இல்லை. ஆனால் 'நான்கு' என்ற எண்ணிக்கை ஒரு சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பது பலர் கவனிக்காத விஷயம். 1961இல் என்எஃப்எல் தன் எல்லா அணிகளின் ஒளிபரப்பு உரிமையையும் மொத்தமாக ஒரு தொலைக்காட்சிக்கு விற்றது. ஏகபோகத் தடைச் சட்டப்படி அது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. சில மாதங்களுக்குள் அமெரிக்க நாடாளுமன்றம் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தை நிறைவேற்றியது, கென்னடி கையெழுத்திட்டார். தொழில்முறைக் கால்பந்து, பேஸ்பால், கூடைப்பந்து, ஹாக்கி ஆகிய நான்கின் லீகுகளும் ஒளிபரப்பு உரிமையைக் கூட்டாக விற்கலாம் என்று அந்தச் சட்டம் பெயர் சொல்லி விலக்கு அளிக்கிறது. அங்கே கால்பந்து என்றால் அமெரிக்கக் கால்பந்து. சாக்கர் பட்டியலில் இல்லை.

அந்த 1961ஆம் ஆண்டில் என்எச்எல்லில் மொத்தமே ஆறு அணிகள், அவற்றில் இரண்டு கனடாவுடையவை. அந்த ஆண்டு தொடங்கிய என்பிஏ பருவத்தில் ஒன்பது அணிகள். இன்று முப்பது அணிகளோடு நிற்கும் எம்எல்எஸ்ஸைப் பார்த்து 'நீ பெரியவனா' என்று கேட்பவர்கள், அன்றைய ஹாக்கியைப் பார்த்து அப்படிக் கேட்கவில்லை. 1980இல்கூட என்பிஏ இறுதித் தொடரின் தீர்மானமான ஆட்டத்தை, மேஜிக் ஜான்சன் என்ற இருபது வயதுப் பையன் 42 புள்ளிகள் எடுத்த ஆட்டத்தை, நாட்டின் பெரும்பகுதியில் நேரலையாகக் காட்டாமல் இரவு பதினொன்றரை மணிக்குமேல் பதிவாகத்தான் காட்டினார்கள். அப்போதும் கூடைப்பந்து பெரிய விளையாட்டுதான். வரிசையில் முதலில் வந்து நின்றவர்களுக்குக் கிடைக்கிற சலுகை அது.

கால்பந்து ஏன் அந்த வரிசையில் பிந்தியது? முதலில் வந்துவிட்டு வெளியே போனது என்பதே பொருத்தமான விடை. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதியதை அமெரிக்கக் கால்பந்தின் முதல் ஆட்டம் என்று கொண்டாடுகிறார்கள். பக்கத்துக்கு 25 பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. நாம் போய்ப் பார்த்திருந்தால், குழப்பமான சாக்கர் என்றுதான் நினைத்திருப்போம். ஆனால் ஹார்வர்டு அந்த வழிக்கு வர மறுத்தது. 1874இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு ஆடி ரக்பியின் சுவை கண்டது. ஹார்வர்டு போன வழியில் மற்றவையும் போயின. கல்லூரிகள் கைவிட்ட ஆட்டம் ஆலைத் தொழிலாளர்களிடமும் குடியேறிகளிடமும் தங்கியது. 1920களில் பெத்லகேம் எஃகு ஆலை அணியும் ஃபால் ரிவர் அணியும் ஸ்காட்லாந்து வீரர்களை நல்ல சம்பளம் கொடுத்து இழுக்கும் அளவுக்கு ஒரு லீக் அமெரிக்காவில் செழித்தது. 1930 உலகக் கோப்பையில் அமெரிக்கா மூன்றாம் இடம். பிறகு லீகுக்கும் தேசியச் சங்கத்துக்கும் நடந்த சண்டையும் பொருளாதாரப் பெருமந்தமும் சேர்ந்து அந்த லீகை விழுங்கிவிட்டன.

அடுத்த அலை 1968இல் வந்த என்ஏஎஸ்எல் என்ற லீக். 1975இல் பெலே நியூயார்க் காஸ்மாஸுக்கு வந்தார்; 1977இல் பெக்கன்பவர் சேர்ந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று ஜயண்ட்ஸ் மைதானத்தில் 77,691 பேர் கூடினார்கள். உடனே ஆளாளுக்கு அணி வாங்கினார்கள். லீக் 24 அணிகளாக வீங்கியது. காஸ்மாஸுக்கு வந்த கூட்டம் மற்ற ஊர்களுக்கு வரவில்லை, ஆனால் சம்பளம் மட்டும் எல்லா ஊரிலும் ஏறியது. 1984 பருவத்தோடு கடை மூடப்பட்டது. எம்எல்எஸ்ஸை உருவாக்கியவர்கள் அந்தச் சாம்பலைப் பார்த்துப் பயந்தவர்கள். இன்றுவரை அந்த லீகின் குணத்தைத் தீர்மானிப்பது அந்தப் பயம்தான்.

1994 உலகக் கோப்பையை அமெரிக்காவுக்குக் கொடுத்தபோது, பதிலுக்கு ஒரு தொழில்முறை லீகைத் தொடங்குவதாக ஃபிஃபாவுக்கு வாக்குறுதி தரப்பட்டிருந்தது. போட்டியை ஆட்டத்துக்குச் சராசரியாக 69,000 பேர் நேரில் பார்த்தார்கள். 2022 வரை எந்த உலகக் கோப்பையும் அந்தச் சராசரியைத் தொடவில்லை. எனவே ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பத்து அணிகளோடு 1996 ஏப்ரல் 6 அன்று சான் ஹோசேயில் லீக் தொடங்கியபோது, அந்தக் கூட்டம் அப்படியே வந்துவிடும் என்று உரிமையாளர்களே நம்பவில்லை. அதனால் ஒரு விநோத ஏற்பாடு: அணிகள் தனித்தனி நிறுவனங்கள் அல்ல, லீக்தான் ஒரே நிறுவனம், அணி வாங்கியவர்கள் அதன் பங்குதாரர்கள். வீரரின் ஒப்பந்தமும் அணியோடு இல்லை, லீகோடுதான். சம்பளத்தை அடக்கிவைக்கும் சதி இது என்று வீரர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள்.

அமெரிக்கர்களுக்குச் சமநிலை பிடிக்காது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஆட்டம் சமனில் முடிந்தால் 35 கெஜத் தூரத்திலிருந்து பந்தை ஓட்டிவந்து கோல்கீப்பரை ஏமாற்றும் ஷூட்-அவுட் வைத்தார்கள். கடிகாரத்தைக் கீழ்நோக்கி ஓடவிட்டார்கள். அணிகளுக்கு டல்லாஸ் பர்ன், கேன்சஸ் சிட்டி விஸ் என்று பெயர் வைத்தார்கள். உண்மையான கால்பந்து ரசிகர் முகம் சுளித்தார். பேஸ்பால் ரசிகர் திரும்பியே பார்க்கவில்லை. பின்னாளில் அதே லீக் மறுகோடிக்கு ஓடி, ரியல் சால்ட் லேக், ஸ்போர்ட்டிங் கேன்சஸ் சிட்டி என்று ஐரோப்பியப் பெயர்களைச் சூட்டிக்கொண்டது. யூட்டா மாநிலத்தில் எந்த ராஜா இருந்தார், 'ரியல்' என்று போட்டுக்கொள்ள?

2002இல் அது கிட்டத்தட்டச் செத்துவிட்டது. முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 25 கோடி டாலர் நட்டம் என்று மதிப்பிட்டார்கள். டாம்பா, மயாமி அணிகள் கலைக்கப்பட்டு, பன்னிரண்டு அணிகள் மறுபடி பத்தாயின. அந்தப் பத்தையும் தாங்கிப் பிடித்தவர்கள் மூன்றே பேர்: பிலிப் அன்ஷூட்ஸ், லமார் ஹன்ட், ராபர்ட் கிராஃப்ட். அன்ஷூட்ஸ் ஒருவரிடமே ஒரு கட்டத்தில் ஆறு அணிகள் இருந்தன. சனிக்கிழமை மாலை தன் அணி தன் அணியோடு மோதுவதை அவர் எந்த மனநிலையில் பார்த்தாரோ. 'சூப்பர் பவுல்' என்ற பெயரைச் சொன்னவர் என்று புகழ்பெற்ற ஹன்ட்டும், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் உரிமையாளரான கிராஃப்ட்டும் என்எஃப்எல்லின் ஆட்கள். 1999 முதல் எம்எல்எஸ் ஆணையராக இருக்கும் டான் கார்பரும் என்எஃப்எல்லிலிருந்து வந்தவர். பெரியண்ணன் வீட்டுச் சோற்றில் தம்பி வளர்ந்தான் என்று சொன்னால் தப்பில்லை.

2002இல் எம்எல்எஸ் உரிமையாளர்கள் தொடங்கிய சாக்கர் யுனைடெட் மார்க்கெட்டிங் என்ற துணை நிறுவனம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். 2002, 2006 உலகக் கோப்பைகளின் ஆங்கில ஒளிபரப்பு உரிமையை அமெரிக்காவுக்காக அது வாங்கியது. பிறகு மெக்சிகோ தேசிய அணி அமெரிக்காவுக்கு வந்து ஆடும் ஆட்டங்களை விற்பதும் அதன் தொழிலானது. அதாவது, எம்எல்எஸ் பிழைத்ததற்கு எம்எல்எஸ் ஆட்டங்களைவிட மற்றக் கால்பந்தின் மேல் அமெரிக்காவில் இருந்த ஆசை பெரிய காரணம். லீகின் உரிமையாளர்களே அன்று ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள்: இந்த நாட்டில் கால்பந்துக்குப் பணம் இருக்கிறது, ஆனால் அது நம் வாசலுக்கு வருவதில்லை, போய்த்தான் வாங்கிவர வேண்டும்.

இப்போது தராசை எடுக்கலாம். எம்எல்எஸ் ஆதரவாளர்கள் முதலில் காட்டுவது மைதானக் கூட்டத்தை. 2024 பருவத்தில் மொத்தம் ஒரு கோடியே பத்து லட்சம் பேருக்குமேல் வந்தார்கள். ஆட்டத்துக்குச் சராசரி 23,000ஐத் தாண்டியது. என்பிஏவிலும் என்எச்எல்லிலும் சராசரி 18,000ஐ ஒட்டியே நிற்கிறது. பார்த்தீர்களா, முந்திவிட்டோம் என்பார்கள். கூடைப்பந்தும் ஹாக்கியும் கூரைக்குக் கீழே ஆடப்படுகின்றன. அந்த அரங்கில் அதற்குமேல் நாற்காலி போட முடியாது. தவிர, அங்கே ஓர் அணிக்குச் சொந்த ஊரில் 41 ஆட்டங்கள், எம்எல்எஸ்ஸில் 17. மொத்தக் கணக்கில் அவை ஒவ்வொன்றும் இரண்டு கோடிக்குமேல். கூட்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. 2018இல் அட்லாண்டா அணி சராசரியாக 53,000 பேரை வரவழைத்தது. சியாட்டிலிலும் போர்ட்லண்டிலும் மேளமும் பதாகையுமாகப் பாடுகிறவர்களைப் பார்த்தால் இது இரண்டாந்தர விளையாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சராசரியை மட்டும் வைத்து வரிசை போட முடியாது என்கிறேன்.

சம்பளக் கணக்கில் நிலைமை தலைகீழ். 2025இல் ஓர் என்எஃப்எல் அணியின் சம்பள உச்சவரம்பு 27.92 கோடி டாலர். 2025-26இல் என்பிஏவுக்கு 15.46 கோடி, என்எச்எல்லுக்கு 9.55 கோடி. எம்எல்எஸ் அணியின் அடிப்படைச் சம்பள பட்ஜெட் 59.5 லட்சம் டாலர். அச்சுப் பிழை இல்லை, லட்சம்தான். அந்த வரம்புக்கு வெளியே நட்சத்திர வீரர்களை (இன்று மூன்று பேர்வரை) வைத்துக்கொள்ளலாம் என்ற விதி, 2007இல் டேவிட் பெக்காம் லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்ஸிக்கு வந்தபோது அவருக்காகவே எழுதப்பட்டது. அதற்குப் பிறகு பொது ஒதுக்கீட்டுப் பணம், இலக்கு ஒதுக்கீட்டுப் பணம் என்று விதிமேல் விதி. ஆடிட்டர் இல்லாமல் அணி நடத்த முடியாது. விளைவு: லியோனல் மெஸ்ஸியின் உறுதியான ஆண்டு ஊதியம் மட்டும் இரண்டு கோடி டாலரைத் தாண்டுகிறது, மொத்த அணிக்கான அடிப்படை பட்ஜெட்டைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

தொலைக்காட்சிப் பணம் இன்னும் கறாரான அளவுகோல். என்எஃப்எல்லின் நடப்பு ஒப்பந்தங்கள் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 11,000 கோடி டாலர். என்பிஏ 11 ஆண்டுகளுக்கு 7,600 கோடி. நான்கில் கடைக்குட்டியான என்எச்எல் அமெரிக்க உரிமைக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 62.5 கோடி வாங்குகிறது; கனடாப் பணம் தனி. எம்எல்எஸ் 2022இல் ஆப்பிளோடு போட்டது பத்தாண்டுக்கு 250 கோடி, அதாவது ஆண்டுக்கு 25 கோடி. இதோடு இன்னொரு எண்ணையும் வையுங்கள்: இங்கிலாந்து பிரிமியர் லீகை அமெரிக்காவில் காட்ட என்பிசி கொடுப்பது ஆறு ஆண்டுகளுக்குச் சுமார் 270 கோடி டாலர், ஆண்டுக்கு 45 கோடி. லண்டனிலும் மான்செஸ்டரிலும் நடக்கும் ஆட்டத்துக்கு, அமெரிக்க நேரப்படி சனிக்கிழமைக் காலையில் காபிக் கோப்பையோடு பார்க்க வேண்டிய ஆட்டத்துக்கு, உள்ளூர் லீகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை.

முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மற்ற நான்கிலும் விளையாட்டும் லீகும் ஒன்று. உலகின் மிகச்சிறந்த கூடைப்பந்தைப் பார்க்க வேண்டுமானால் என்பிஏவுக்குத்தான் போக வேண்டும். செர்பியாவின் நிகோலா யோகிச்சும் அங்கேதான் வந்தாக வேண்டும். ஜப்பானின் ஷோஹெய் ஒஹ்தானி லாஸ் ஏஞ்சலிஸில் ஆடுகிறார். ஹாக்கியிலும் அப்படியே. எனவே அந்த விளையாட்டை விரும்பும் ஒவ்வொரு அமெரிக்கரும் தானாகவே அந்த லீகின் வாடிக்கையாளர். கால்பந்தில் இந்தச் சமன்பாடு உடைந்துபோகிறது. சிகாகோவில் இருக்கும் ஒரு கால்பந்துப் பைத்தியத்துக்கு உள்ளூர் அணியைத் தவிர பிரிமியர் லீக், ஸ்பெயின் லீக், சாம்பியன்ஸ் லீக், மெக்சிகோவின் லிகா எம்எக்ஸ், தேசிய அணிகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றில் பல, தரத்தில் எம்எல்எஸ்ஸைவிட மேல் என்பது அவருக்குத் தெரியும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிக அதிகமானோர் பார்க்கும் கால்பந்து லீக் எதுவென்று கேட்டால், விடை ஸ்பானிய மொழியில் ஒளிபரப்பாகும் லிகா எம்எக்ஸ்.

2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஆங்கிலம், ஸ்பானியம் இரண்டிலுமாகச் சுமார் இரண்டரைக் கோடி அமெரிக்கர்கள் பார்த்தார்கள். ஞாயிறு காலையில், அமெரிக்கா ஆடாத ஆட்டம். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன் நடந்த எம்எல்எஸ் கோப்பை இறுதியாட்டம், லாஸ் ஏஞ்சலிஸும் பிலடெல்பியாவும் கடைசி நிமிடம்வரை மல்லுக்கட்டிய, அந்த லீகின் வரலாற்றிலேயே தலைசிறந்த இறுதி என்று பலர் சொல்லும் ஆட்டம், ஈர்த்தது இருபது லட்சம் சொச்சம் பேரை. ஒரே நாடு, ஒரே விளையாட்டு, சில வார இடைவெளி. கால்பந்து பெரிய விளையாட்டா என்பதற்கு முதல் எண் விடை சொல்கிறது. எம்எல்எஸ் பெரிய லீகா என்பதற்கு இரண்டாவது எண்.

2017 காலப் கருத்துக்கணிப்பில், பார்க்கப் பிடித்த விளையாட்டு எது என்ற கேள்விக்கு அமெரிக்கக் கால்பந்து 37 சதவீதம், கூடைப்பந்து 11, பேஸ்பால் 9, சாக்கர் 7, ஹாக்கி 4. அன்று சாக்கர் ஹாக்கியை முந்தியிருந்தது, பேஸ்பாலைத் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தது. ஆனால் அந்த நான்கு சதவீத ஹாக்கி ரசிகரின் காசு முழுவதும் என்எச்எல் கல்லாவில் விழுகிறது. ஏழு சதவீதச் சாக்கர் ரசிகரின் காசு லிவர்பூலுக்கும் மாட்ரிட்டுக்கும் குவாதலஹாராவுக்கும் சிதறிப்போகிறது. ஆற்றில் தண்ணீர் இருந்தும் கடைமடைக்கு வராத கதை. இங்கே கடைமடையில் இருப்பது உள்ளூர் லீக்.

மெஸ்ஸி 2023 ஜூலையில் இன்டர் மயாமிக்கு வந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். வாய்க்காலின் திசையை மாற்றும் முயற்சி அது, ஒரு தனிமனிதரை வைத்து. பலன் உடனே தெரிந்தது. 2024 ஏப்ரலில் கேன்சஸ் சிட்டி அணி, தன் சிறிய மைதானத்தை விட்டு என்எஃப்எல்லின் ஆரோஹெட் மைதானத்துக்கு ஆட்டத்தை மாற்றியது. 72,610 பேர் வந்தார்கள். அடுத்த மாதம் வான்கூவரில் 51,000 பேர் டிக்கெட் வாங்கிக் காத்திருந்தார்கள். மெஸ்ஸியும் சுவாரஸும் புஸ்கெட்ஸும் பயணமே செய்யவில்லை. கோபத்தைத் தணிக்க, மைதானத்தில் உணவுக்குப் பாதி விலை என்று அறிவித்தது உள்ளூர் கிளப். லெப்ரான் ஜேம்ஸ் வராவிட்டாலும் என்பிஏ ஆட்டம் என்பிஏ ஆட்டம்தான்; மெஸ்ஸி வராதபோது அந்த மாலையில் எஞ்சியது தள்ளுபடிச் சிற்றுண்டி. 2025 டிசம்பர் 6 அன்று இதே வான்கூவரை 3-1 என்று வென்று மயாமி கோப்பையைத் தூக்கியது. அந்த முறை மெஸ்ஸி ஆடினார்.

ஆனால் அந்த மெஸ்ஸியை ஆப்பிள் ஒரு கட்டணக் கதவுக்குப் பின்னால் வைத்தது. மாதம் 15 டாலர். காசு நிச்சயமாக வந்தது, ஆனால் தற்செயலாகச் சேனலை மாற்றிக்கொண்டே வந்து ஆட்டத்தில் விழுந்து ரசிகராகிறவர் காணாமல் போனார். பெரிய நான்கும் வளர்ந்தது அந்தத் தற்செயல் பார்வையாளரால்தான். இது தப்பான கணக்கு என்று லீகுக்கே தெரிந்திருக்கிறது. 2026 முதல் தனிச் சந்தா ஒழிக்கப்பட்டு, ஆப்பிள் டிவி வைத்திருக்கும் எல்லாருக்கும் ஆட்டம் திறந்துவிடப்பட்டது. ஒப்பந்தக் காலமும் சுருக்கப்பட்டு 2029இல் முடிகிறது.

இவ்வளவுக்கும் நடுவில் அணிகளின் விலை ஏறிக்கொண்டே போவது புதிர்தான். 2007இல் லீகில் சேர டொரான்டோ கொடுத்த கட்டணம் ஒரு கோடி டாலர். 2025இல் முப்பதாவது அணியாகச் சேர்ந்த சான் டியாகோ கொடுத்தது 50 கோடி. பெக்காமின் பழைய ஒப்பந்தத்தில், பின்னாளில் ஓர் அணியை 2.5 கோடிக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை இருந்தது. அதுதான் இன்டர் மயாமியானது. அவர் காலால் சம்பாதித்ததைவிடப் பேனாவால் சம்பாதித்தது அதிகம் என்று தோன்றுகிறது. முதலீட்டாளர்கள் வாங்குவது இன்றைய வருமானத்தை அல்ல. என்றைக்காவது அந்தத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பும் என்ற நம்பிக்கையைத்தான் வாங்குகிறார்கள். இறங்குமுகம் கிடையாது, கடைசி இடம் வந்தாலும் அடுத்த ஆண்டும் அதே லீகில் ஆடலாம் என்ற பாதுகாப்பும் விலையில் சேர்ந்திருக்கிறது.

பெண்கள் கால்பந்தில் கதை வேறு மாதிரி. 1999 உலகக் கோப்பை இறுதியைப் பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் 90,185 பேர் பார்த்தார்கள். 2015 இறுதியை ஆங்கிலத் தொலைக்காட்சியில் இரண்டரைக் கோடிப் பேர் பார்த்தார்கள். தேசிய அணி அவ்வளவு பெரியது. ஆனால் அந்த உற்சாகத்தில் 2001இல் தொடங்கிய லீக் மூன்றே பருவங்களில் மூடப்பட்டது. 2009இல் வந்த அடுத்ததற்கும் அதே விதி. 2013இல் தொடங்கிய என்டபிள்யூஎஸ்எல்தான் நிலைத்தது. இங்கே உலகின் சிறந்த லீகுகளில் ஒன்று அமெரிக்காவிலேயே இருக்கிறது என்பதால், ரசிகர் வெளிநாட்டுப் பக்கம் பார்ப்பது குறைவு. 2024இல் கேன்சஸ் சிட்டியில், பெண்கள் தொழில்முறை அணிக்கென்றே கட்டப்பட்ட முதல் மைதானம் திறக்கப்பட்டது. ஐரோப்பியக் கிளப்புகள் இந்தப் பக்கமும் பணத்தைக் கொட்டத் தொடங்கியிருப்பதால், இந்த வாய்ப்பு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது தனிக் கேள்வி.

இதுவரை 'வட அமெரிக்கா' என்று நானும் ஒரு வசதிக்காகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வரைபடத்தில் மெக்சிகோவும் வட அமெரிக்காதான். பெலேவும் மரடோனாவும் உலகக் கோப்பையைத் தூக்கிய அஸ்டெக்கா மைதானம் இருக்கும் நாடு அது. அங்கே போய்க் கால்பந்து பெரிய விளையாட்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். 'வட அமெரிக்கப் பெரிய விளையாட்டுகள்' என்னும்போது அமெரிக்க, கனடிய அணிகளைத்தான் குறிக்கிறார்கள். மெக்சிகோவைச் சத்தமில்லாமல் கழித்துவிடுகிறார்கள். கனடாவின் நிலை இன்னொரு விதம். அது ஹாக்கி நாடு. ஆனால் 2017இல் டொரான்டோ எம்எல்எஸ் கோப்பையை வென்றது. கானா அகதி முகாமில் பிறந்து எட்மன்டனில் வளர்ந்த அல்போன்சோ டேவிஸ், வான்கூவர் வழியாக 2019இல் பயர்ன் மியூனிக் போனார். அந்தப் பயணத்தின் திசையையும் பாருங்கள். பெரிய நான்கில் திறமை வட அமெரிக்காவுக்குள் வருகிறது. கால்பந்தில் திறமை முதிர்ந்ததும் வெளியே போகிறது. வருகிற பெரிய பெயர்கள் பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்கள்.

இந்த ஓட்டத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டு அதோடு சேர்ந்துகொள்ள எம்எல்எஸ் முடிவு செய்துவிட்டது. இதுவரை பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்த பருவம், 2027 ஜூலையிலிருந்து ஐரோப்பாவைப்போலக் கோடையில் தொடங்கி அடுத்த வசந்தத்தில் முடியும், நடுக்குளிரில் இடைவெளி. வீரர்களை வாங்கி விற்கும் சந்தை ஐரோப்பாவோடு ஒத்துப்போகும். என்எஃப்எல் கோலோச்சும் இலையுதிர் காலத்தில் இறுதிச் சுற்றுகளை நடத்த வேண்டியிருக்காது. ஆனால் மே மாதத்தில் என்பிஏ, என்எச்எல் இறுதிச் சுற்றுகளோடு மோத வேண்டும். மினசோட்டாவிலும் மான்ட்ரியலிலும் பிப்ரவரி மாத மைதானத்தில் யார் உட்காருவார்கள் என்ற கவலையும் இருக்கிறது.

மைதானங்களில், ஊர்ப்பாசத்தில், கருத்துக்கணிப்பில் எம்எல்எஸ் இன்று ஹாக்கியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. பணத்திலும் தரத்திலும் இல்லை. 1961 சட்டத்தில் ஐந்தாவது பெயரைச் சேர்க்க யாரும் அவசரப்படப் போவதில்லை. ஒரே நிறுவனமாக இருப்பதால் எம்எல்எஸ்ஸுக்கு அந்த விலக்கு அவ்வளவு அவசியமும் இல்லை. நான் காத்திருப்பது 2029க்காக. ஆப்பிள் ஒப்பந்தம் முடிந்து அடுத்த விலை பேசும்போது, மேசையில் வைக்கப்படும் தொகை ஆண்டுக்கு இருபத்தைந்து கோடியை ஒட்டி நிற்கிறதா, ஹாக்கியின் அறுபத்திரண்டரைக் கோடியை நோக்கி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.